கை மறைந்தால் நிற்கவும்

என் வீட்டுக்காரர் ஆயிரம் அடிப் பள்ளத்துக்கு அரையடி இடம் விட்டு ஜீப் ஓட்டுவார். ஆனால் ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு தடவை எனக்குப் போட்ட ஊசிக்கு அவர் மயங்கி விழுந்து, நர்சம்மா என்னை விட்டுவிட்டு அவருக்கு வைத்தியம் பார்த்தார். அப்படிப்பட்ட மனிதருக்குக் கண்ணில் கோளாறு வந்தால் என்ன நடக்குமோ அதுதான் எங்கள் வீட்டிலும் நடந்தது. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

வேறு தொழிலாக இருந்திருந்தால் ஒரே வாரத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும். எங்கள் தொழில் அப்படி. கணவாய்க்கு அந்தப் பக்கம் ஒரு அருவி இருக்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு மலையேறி இறங்குவதுதான் எங்கள் ஸ்டாண்டில் நிற்கிற பதினோரு ஜீப்புக்கும் பிழைப்பு. வரைபடத்தில் அந்த வழியை ரோடு என்று போட்டிருக்கிறார்கள். போட்டவர் நேரில் வந்து பார்த்திருக்கமாட்டார். ஏழு இடங்களில் பாறை அப்படியே எழும்பி நிற்கும். அங்கெல்லாம் டிரைவருக்கு எதிரே பானட்டும் வானமும்தான் தெரியும். சக்கரம் எதன்மேல் ஏறப்போகிறது என்று தெரியாது. அதனால் ஒருவர் கீழே இறங்கி, வண்டிக்கு முன்னால் நின்று, முகத்தை வண்டிப் பக்கம் வைத்துப் பின்பக்கமாகவே நடந்து, கையால் வழி காட்டவேண்டும். அவருக்குக் கைகாட்டி என்று பேர். மற்ற ஜீப்புகளில் தம்பியோ மச்சானோ கைகாட்டியாக இருப்பார்கள். எங்கள் ஜீப்பில் நான்.

கைகாட்டி ஆரஞ்சு நிறக் கையுறை போட்டிருக்கவேண்டும். இரண்டு கையையும் தன் பக்கம் அசைத்தால் வா. முஷ்டியை மடக்கினால் நில். ஒரு விரல் காட்டினால் அந்தப் பக்கம் மயிரிழை திருப்பு. இரண்டு விரல் என்றால் ஸ்டியரிங்கில் கால் சுற்று. டிரைவரின் கண் கையைத் தவிர வேறெதையும் பார்க்கக்கூடாது. கல்லைப் பார்த்தால் பயம் வரும், பள்ளத்தைப் பார்த்தால் வண்டியும் அந்தப் பக்கமே போகும். ரோட்டைப் பார்த்து ஓட்டுகிறவனை எங்கள் ஸ்டாண்டில் கற்றுக்குட்டி என்பார்கள். என் வீட்டுக்காரர் பதினெட்டு வருஷமாக அந்த ஏழு இடங்களிலும் ரோட்டைப் பார்த்ததே கிடையாது. அவர் உட்கார்ந்தே வருவார், நான் நடந்தே ஏறுவேன் என்பதால் ஸ்டாண்டில் அவருக்கு ஜமீன் என்று பட்டம். எனக்கு டிராஃபிக்.

பனிக்காலத்தில் கணவாயை மூடிவிடுவார்கள். அந்த மாதங்களில் எங்கள் ஜமீன், டயர் கடையில் உட்கார்ந்து உலக நியாயம் பேசுவார். ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடப் போனேன். கடையில் டயர்க்காரர் இல்லை. அவருடைய மழைக்கோட்டு ஆணியில் தொங்கியது, மேலே அவர் தொப்பி. என் வீட்டுக்காரர் அதனிடம் புது டயருக்கும் ஒட்டுப்போட்ட டயருக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கிக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றேன். ஐந்து நிமிஷம் பேசிவிட்டு எழுந்து வந்தார். வழியில் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"அவன் முந்தி மாதிரி இல்ல. நான் பாட்டுக்குப் பேசறேன், ஒரு வார்த்தை பதில் சொல்லணுமே! தலைக்கனம் ஏறிடுச்சு."

அன்றிலிருந்து நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்தேன். டம்ளருக்குள் ஆள்காட்டி விரலை விட்டுத்தான் டீ ஊற்றினார். மூன்று நாள் பழைய பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு "அநியாயம், அநியாயம்" என்று தலையாட்டினார். எது அநியாயம் என்று கேட்டால், "எல்லாமும்தான்" என்றார். கண் ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பார்க்கிறார்களாம் என்று பேச்சுவாக்கில் போட்டுப் பார்த்தேன்.

"யாருக்கு, எனக்கா? எனக்குக் கழுகுக் கண்ணு."

சொல்லிவிட்டு எழுந்த கழுகு கதவில் போய் இடித்துக்கொண்டது.

நேராகவே கேட்டிருக்கலாம். அவரே வாயைத் திறந்து சொல்லட்டும் என்று எனக்கு வீம்பு. கடைசிவரை மறைத்துவிடலாம் என்று அவருக்கு வீம்பு. எங்கள் வீட்டில் உப்பு தீர்ந்தாலும் வீம்பு தீராது. இப்படியே பனி உருகும் காலமும் வந்துவிட்டது.

இந்த வருஷம் போக்குவரத்து ஆபீசில் புதுசாக ஒரு உத்தரவு போட்டிருந்தார்கள். கணவாய் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு டிரைவரையும் மலைமேல் ஓட்டவைத்துப் பரீட்சை வைப்பார்கள். தேறினவர் மறுநாளே சவாரி ஏற்றலாம். தேறாதவர் மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரவேண்டும். எங்கள் முறைக்கு முந்தின நாள் முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. இவர் தேறிவிட்டால் மறுநாள் காலையில் எட்டுப் பேரை, அதில் பச்சைக் குழந்தைகளும் இருக்கும், ஏற்றிக்கொண்டு அந்த விளிம்பில் போவார். கண் தெரியாது என்று நானே ஆபீசில் சொன்னால் ஸ்டாண்டில் அவர் தலை நிமிர முடியாது. என் பாடு இருதலைக் கொள்ளி எறும்பாகிவிட்டது. கடைசியில் ஒரு வழி தோன்றியது. ஓட்டுகிறது அவராக இருந்தாலும் காட்டுகிறது என் கைதானே? ஆபத்தில்லாத இடமாகப் பார்த்து, சின்னதாக ஒரு தப்பு காட்டினால் போதும். மனிதர் கௌரவமாகத் தோற்பார். மூன்று மாதத்தில் எப்படியாவது ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய்விடலாம்.

பரீட்சை வைக்க வந்த ஆபீசர் டவுன்காரர். ஒல்லியான ஆள். பிளாஸ்டிக் உறைக்குள் ஃபைல், பாலிஷ் போட்ட ஷூ, கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர். வண்டியில் ஏறினதும் டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"சிந்தினா சிந்தினதுக்குத் தகுந்த மாதிரி மார்க் குறைப்பேன்," என்றார். "டிரைவிங்னா என்ன? குலுங்காம கொண்டுபோறதுதான். மத்ததெல்லாம் சும்மா."

முதல் வளைவு தாண்டியதுமே ஆபீசரின் முறை எனக்குப் புரிந்துவிட்டது. மனிதருக்கு உயரம் என்றால் ஆகாது. பள்ளம் தெரிந்த மறுகணம் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு டம்ளர்தான் அவருக்குக் கண்.

ஏழு இடங்களுக்கு நடுவில் உள்ள ரோட்டில் கைகாட்டி தேவையில்லை, நான் பின்சீட்டில்தான் உட்கார்ந்திருப்பேன். ஆனால் இவரை நம்பி எப்படி வாயை மூடிக்கொண்டு வருவது? வளைவு வரும்போதெல்லாம் ஆபீசருக்கு இயற்கைக் காட்சி காட்டினேன். "சார், இதோ வலது பக்கம் பாருங்க, எவ்வளவு அழகு! இப்போ இடது பக்கம், இடது பக்கம், நல்லா இடது பக்கம்!"

"நான் பாக்கலைம்மா. நீங்க சொல்றதே போதும்," என்றார் ஆபீசர், கண்ணை மூடியபடி.

"இன்னைக்கு என்ன உனக்கு வாய் ஓயவே மாட்டேங்குது?" என்றார் என் வீட்டுக்காரர். சொல்லிக்கொண்டே நல்லா இடது பக்கம் திருப்பினார்.

முதல் இடத்துக்குப் படிக்கட்டு என்று பேர். பாறை நாலைந்து படிகளாக இருக்கும். ஓரத்தில் எல்லைக்கு ஒரு கல்லை நட்டு வெள்ளையடித்திருக்கிறார்கள். அதில் சக்கரம் பட்டால் பத்து மார்க் போச்சு. பக்கத்தில் பள்ளம் கிடையாது, புல்மேடுதான். என் திட்டத்துக்கு இதைவிட வாகான இடம் ஏது? இறங்கி முன்னால் நின்றேன். கையுறையைப் போட்டேன். வா, வா என்று அழைத்து, மூன்றாவது படியில் இடது பக்கம் இரண்டு விரல் காட்டினேன். அங்கே ஒரு விரல்தான் காட்டவேண்டும்.

அவர் அப்படியே கால் சுற்றுத் திருப்பினார். சக்கரம் வெள்ளைக் கல்லை நோக்கி வந்தது, தொட்டது, அதன்மேல் ஏறியது. ஏறின வண்டி பூனை மதிலிலிருந்து இறங்குவதுபோல் அந்தப் பக்கம் இறங்கி நின்றது. ஒரு குலுக்கல் இல்லை. நான் ஜன்னல் பக்கம் ஓடினேன்.

"சார், வெள்ளைக் கல்லு மேல ஏறிடுச்சு சார்!"

என் வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. ஆபீசர் ஒரு கண்ணைத் திறந்து டம்ளரைப் பார்த்தார். தண்ணீர் அசையவில்லை.

"கல்லு மேலயா? ஏறினதே தெரியலையேம்மா! வாரம் முழுக்க இந்தக் கல்லுக்கிட்ட என் பேண்ட் நனைஞ்சிருக்கு. கல்லு மேல ஏறினதுக்குப் பத்துக் குறைக்கணும், சிந்தாததுக்குப் பதினஞ்சு கூட்டணும்." எழுதிக்கொண்டார். "கைகாட்டியே தப்பை ஒத்துக்கிறீங்க பாருங்க, அந்த நேர்மைக்கு ரெண்டு."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

இரண்டாவது, மூன்றாவது இடங்களில் பள்ளம் உண்டு, விளையாட முடியாது. ஒழுங்காகக் காட்டினேன். நாலாவது இடம் கொண்டை ஊசி வளைவு. மேட்டுப் பக்கம் மண்சுவர், வண்டி எங்கே போய் இடித்தாலும் மண்தான் உதிரும். இங்கே இன்ஜினை அணைக்க வைத்துவிடலாம் என்று நினைத்தேன். செங்குத்தான ஏற்றத்தில் வா என்றேன், உடனே நில் என்றேன். வா, நில், வா, நில். புத்தியுள்ள எந்த டிரைவரும் என்னைத் திட்டியிருப்பான், இல்லாவிட்டால் இன்ஜின் செத்திருக்கும். இவர் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு நில்லுக்கும் ஒரு அங்குலம்கூடப் பின்னால் சரியாமல் நின்றார். ஒவ்வொரு வாவுக்கும் ஒரு முழம் வந்தார். பதினோரு தடவை செய்தேன். கடைசியில் எனக்குத்தான் கை வலித்தது.

"தாலாட்டற மாதிரி இருக்கு," என்றது ஆபீசரின் குரல் உள்ளேயிருந்து.

நான் என் வீட்டுக்காரரை முறைத்தேன். நல்லா ஓட்டுகிறீரே பாவி என்று பல்லைக் கடித்தேன். அவர் என்னைப் பார்த்துச் சாந்தமாகச் சிரித்தார்.

ஐந்தாவதிலும் பள்ளம், ஒழுங்காகவே காட்டினேன். ஆறாவது இடத்துக்குப் பேர் இல்லை. அதற்குப் பேர் வைக்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. பாறையைக் குடைந்த வழி. வண்டியின் அகலத்தைவிட ஒரு சாண் கூட, அவ்வளவுதான். ஒரு பக்கம் மலை. இன்னொரு பக்கம் எதுவும் இல்லை, கீழே மேகம். அங்கே போய் நின்றதும் என் திட்டமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கையைத் தூக்கினேன். வண்டி வந்தது. நான் ஒரு அடி பின்னால் வைத்தால் அது ஒரு அடி முன்னால் வைத்தது. என் ஒரு விரலுக்கு இரண்டு டன் இரும்பு திரும்பியது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம். ஒரு கவலை இல்லை. என் கையையே பார்த்துக்கொண்டு, அது எங்கே போனாலும் அதன் பின்னாலேயே வருகிற முகம். பக்கத்தில் ஆபீசர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை முட்டியது. வெட்கமாகவும் இருந்தது. இந்த மனிதரையா காலையிலிருந்து கவிழ்க்கப் பார்த்தேன்? அதே சமயம் பயமும் தீரவில்லை. நாளைக்கு நான் காய்ச்சலில் படுத்தால்? என் கால் ஒரு கல்லில் தடுக்கினால்? அந்த வழியைத் தாண்ட எட்டு நிமிஷம் ஆயிற்று. தாண்டினதும் ஒரு முடிவுக்கு வந்தேன். இன்னும் ஒரு இடம் இருக்கிறது. அங்கே எப்படியாவது இதை முடித்துவிடவேண்டும்.

கடைசி இடம் அருவியடி. மேலேயிருந்து விழுகிற தண்ணீர் ஒரு குளமாகி, வழியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடும். ஒரு காலத்தில் அதன்மேல் கல்பாலம் இருந்தது. பாதி வளைவு இன்னும் நிற்கிறது, மீதி எப்போதோ வெள்ளத்தோடு போய்விட்டது. அருவிக்குப் பின்னால் ஒரு குகை, அதன் சுவரில் வரிசையாக வெட்டின கோடுகள். எந்தக் காலத்திலோ தோற்று ஓடிவந்த ஒரு ராஜாவின் படை தண்ணீருக்குப் பின்னால் ஒளிந்திருந்ததாம். துரத்தி வந்தவர்கள் பாலத்தின் மேலேயே நடந்து போயும் பார்க்கவில்லையாம். ஒளிந்திருந்த நாட்களைக் கோடு போட்டு எண்ணினார்களாம். சவாரிக்காரர்களுக்கு இந்த வரலாற்றைச் சொல்வது டிரைவரின் வேலை. நான் கல்யாணமாகி வந்தபோது என் வீட்டுக்காரர் நாற்பது வீரர்கள் என்று சொல்வார். அன்றைக்கு ஆபீசரிடம் நாலாயிரம் என்றார்.

"நாலாயிரம் பேர் அந்தக் குகைக்குள்ளயா?"

"நெருக்கி உக்காந்தாங்க சார்."

ஆபீசருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இங்கே பள்ளம் இல்லாததால் கண்ணையும் நன்றாகத் திறந்துகொண்டார். நான் தண்ணீரில் இறங்கி அந்தக் கரைக்குப் போய் நின்றேன். தண்ணீர் முழங்காலளவுதான், அடியில் தட்டையான கூழாங்கல், எந்தப் பக்கம் போனாலும் மணல்மேட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். உயிருக்கு ஆபத்தில்லை. அருவி இரைச்சலில் பேச்சுக் கேட்காது, கை ஒன்றுதான் பாஷை. வண்டி தண்ணீருக்குள் இறங்கியது. நடுவில் வந்தது. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மனிதர் தடுமாறுவார், திருப்புவார், மணலில் போய்ச் சொருகுவார், தோற்பார். இதுதான் என் கணக்கு.

வண்டி அப்படியே நின்றது. தண்ணீர் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடியது. சாரல் கண்ணாடியை நனைத்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று, இரண்டு நிமிஷம் ஆயிற்று. அவர் ஹார்ன் அடிக்கவில்லை, ஜன்னல் வழியே தலையை நீட்டவில்லை. கை வரும்வரை உட்கார்ந்திருக்கத் தயாராக, இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். என்னால்தான் தாங்க முடியவில்லை. தண்ணீரில் இறங்கி வண்டியை நோக்கி நடந்தேன்.

ஆபீசர் ஜன்னல் வழியே தலையை மட்டும் நீட்டி, மடியில் டம்ளர் அசையாமல் கத்திக்கொண்டிருந்தார்.

"பிரமாதம்மா, பிரமாதம்! நாலாவது விதி, கை மறைந்தால் நிற்கவும்! இதுவரைக்கும் பத்துப் பேர். பத்துப் பேரோட கைகாட்டிகிட்டயும் நான்தான் கையை மறைக்கச் சொன்னேன். ஒருத்தனாவது நிக்கணுமே! எனக்குத் தெரியாத ரோடான்னு பத்துப் பேரும் ஓட்டிட்டாங்க. நீங்க சொல்லாமலே மறைச்சீங்க, இவர் ஒருத்தர்தான் நின்னார். நூத்துக்கு நூறு போடப்போறேன்!"

ஃபைலைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றினார். என் வீட்டுக்காரர் வெட்கத்தோடு சிரித்தார்.

"சார், எழுதாதீங்க," என்றேன்.

"என்ன?"

"இவருக்குக் கண்ணு தெரியாது சார்."

அருவி இரைச்சலில் அது அவர் காதில் ஏறவில்லை. காதில் கையை வைத்துக்கொண்டு, "சத்தமா சொல்லுங்கம்மா!" என்றார். மானம் போகாமல் மெல்லச் சொல்லலாம் என்று நினைத்ததைத் தெருவில் தக்காளி விற்கிறவள் மாதிரி கத்தவேண்டியதாயிற்று.

"இவருக்குக் கண்ணு தெரியாது! பனிக்காலத்துலேந்து தெரியாது! மழைக்கோட்டுகிட்ட டயர் விலை பேசறார்!"

என் வீட்டுக்காரர் சிரிப்பு அப்படியே நின்றது. ஆபீசர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நாங்கள் வந்த மலையைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ... அங்க, அந்த விளிம்புல?"

"என் கையைப் பாத்துதான் வந்தார்."

"நான் கண்ணை மூடிட்டிருந்தேனேம்மா."

"தெரியும் சார்."

"அப்போ ரோட்டை யார்தான் பாத்தது?"

"நான்தான் சார். அதுவும் பின்பக்கமாவே நடந்துட்டு, திரும்பித் திரும்பி."

காலையிலிருந்து ஒரு சொட்டுச் சிந்தாத டம்ளர் அப்போது அவர் மடியில் கவிழ்ந்தது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை. அப்படியே குனிந்து ஃபைலில் எழுதினார். எழுதினதைச் சத்தமாகப் படித்தும் காட்டினார்: "ஓட்டுதலில் குறை இல்லை. கண் சிகிச்சைக்குப் பின் மறு பரீட்சை." பிறகு அவருக்கு இன்னொரு கவலை வந்தது.

"திரும்பி யார் ஓட்டறது?"

"என்கிட்ட லைசென்ஸ் இருக்கு சார். கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தது. வருஷா வருஷம் சந்தைக்கு ஓட்டிட்டுப் போறதோட சரி."

"அப்போ முன்னாடி நின்னு கை காட்டறது?"

மூன்று பேரில் மிச்சம் ஒருவர்தான். ஆபீசர் தன் ஷூவைக் குனிந்து பார்த்தார். மெல்ல அதன் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார்.

என் வீட்டுக்காரர் கதவைத் திறந்து தண்ணீரில் இறங்கினார். பானட்டைத் தடவிக்கொண்டு முன்பக்கம் வந்தார். என்னை அடிக்கிற ஆள் இல்லை, ஆனாலும் நான் ஒரு அடி பின்னால் வைத்தேன். பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் நான் அவரை ஒரு வெளியாள் முன்னால் காட்டிக்கொடுத்தது அதுதான் முதல் தடவை. இரண்டு முழம் தள்ளி நின்றுகொண்டார்.

"எப்போலேந்து தெரியும்?"

"அந்த மழைக்கோட்டு நாள்லேந்து."

"அது அவன் இல்லையா?" என்றார். "பாவம், அவனைப் போய் எல்லார்கிட்டயும் திட்டிட்டேனே." பிறகு குரல் மாறியது. "தெரிஞ்சுமா இன்னைக்கு வண்டிக்கு முன்னாடி நின்னே? அந்த ஆறாவது இடத்துல? நான் கொஞ்சம் தப்பா அழுத்தியிருந்தா முதல்ல நீதானே போயிருப்பே?"

"நீங்க தப்பா அழுத்தமாட்டீங்க. நான்தான் உங்களைக் கவுக்கப் பாத்தேன். வெள்ளைக் கல்லு, கொண்டை ஊசி, எல்லாம் வேணும்னேதான் காட்டினேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அங்க ஒரு விரல்தான்னு எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷமா அதே கல்லு. நீ காட்டினே, திருப்பினேன். உன் கை சொல்லும்போது நான் யாரு வேற சொல்ல?"

கோபித்துக்கொள்வார், நானும் இரண்டு மடங்கு கோபித்துக்கொண்டு சமாளித்துவிடலாம் என்றுதான் தயாராக இருந்தேன்.

"ஏங்க என்கிட்ட சொல்லலை?" என்று மட்டும் கேட்டேன்.

"ஊசி போடுவாங்களா?"

"கண்ணுக்கே போடுவாங்க."

அவர் பானட்டைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்தாலும் கீழே உட்காரவில்லை. "சரி, நாளைக்கே போலாம்," என்றார். "உன் கை எப்படியோ தெரிஞ்சிடுது, ஆரஞ்சுக் கலர்ல ஆடுது. உன் முகம் தெரிஞ்சு ஆறு மாசமாச்சு."

ஆறு மாதம்! ஆறு மாதமாக நான் முறைத்த முறைப்பு, கடித்த பல், சுளித்த மூக்கு அத்தனையும் வீண். எதற்கும் பதிலுக்குச் சண்டை போடாமல் சாந்தமாகச் சிரித்தாரே, வயசாக வயசாக மனிதர் திருந்திவிட்டார் என்று நான் டயர்க்காரர் பெண்டாட்டியிடம் பெருமையடித்துக்கொண்டது வேறு இருக்கிறது. சிரிப்பு வந்தது. அதோடு கூடவே அழுகையும் வந்துவிட்டது. எப்படியும் அவருக்குத் தெரியப்போவதில்லை என்று சத்தம் வராமல் அழுதேன், இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"எதுக்கு அழற?" என்றார்.

"யாரு அழறா? சாரல் தெறிக்குது."

"ரெண்டு கையும் மேல போச்சே. அப்படி ஒரு சைகை நம்மகிட்ட கிடையாதே."

ஆபீசர் பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நான் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்ப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்தேன். பிறகு சுற்றி வந்து ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன்.